முப்பத்தைந்து கஜத்துக்கான தயாரிப்பு

"கைடோடு போகிற வேட்டைதானே, போய் உட்கார்ந்தால் போதாதா?" அமெரிக்காவில் முதல்முறை வாத்து வேட்டைக்கு முன்பதிவு செய்கிறவர்கள் இப்படிக் கேட்பது வழக்கம். பாதி சரிதான். எந்த வயலில் பறவை இறங்குகிறது என்று முந்தின நாளே போய்ப் பார்த்து வைப்பது கைடு. இருட்டில் டெகாய்களை, அதாவது பறவையை ஏமாற்றி இறக்கும் வாத்து பொம்மைகளைப் பரப்புவது, காற்றுக்கு ஏற்ப அவற்றை மாற்றி வைப்பது, ஊதல் ஊதிப் பறவையைக் கூப்பிடுவது, விழுந்ததை எடுத்துவர நாயை அனுப்புவது எல்லாமே அவர் வேலை. விடுதியில் சூடான சாப்பாடும் படுக்கையும் காத்திருக்கும். இத்தனையும் போக நமக்கென்று மிஞ்சுவது ஒரே ஒரு வேலை: இறங்கி வரும் பறவையை ஒரே வெடியில், சட்டத்துக்கு உட்பட்டு, சாக வைப்பது. அந்த ஒன்றை மட்டும் கைடு நமக்காகச் செய்ய முடியாது.

என்னை விடாமல் உறுத்துவது இதுதான். கோட்டுக்கும் பூட்ஸுக்கும் பைக்கும் மாதக்கணக்கில் விமர்சனம் படிப்பார்கள், விலை பார்ப்பார்கள். துப்பாக்கி மட்டும் கிளம்புவதற்கு முந்தின இரவு உறையிலிருந்து வெளியே வரும். எந்தத் தோட்டா, எந்தச் சோக் (ரவை எவ்வளவு விரியும் என்பதைத் தீர்மானிக்கும், குழலின் வாயில் திருகும் குழாய்), எத்தனை கஜம் என்ற கேள்விகள் வயலில்தான் எழும். அதன் விலையைக் கொடுப்பது பறவை. சிறகு ஒடிந்து, அரை மைல் தள்ளி நாணலுக்குள் விழுந்து, நாய்க்கும் கிடைக்காமல் பட்டினியில் சாகும். வேட்டையை ஏற்றுக்கொள்கிறவர் இதை ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே பட்டியல் போடுவதற்கு முன்னால் வரிசையைத் தலைகீழாக்குங்கள். முதலில் சுடும் திறன், அடுத்து சட்டம், அதன்பின் உடைமை.

இந்தியாவில் காட்டு வாத்தைச் சுடுவது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எனவே கீழே வருவதெல்லாம் அமெரிக்க விதிகள். இடமாக ஆர்கன்சாவின் கிராண்ட் ப்ரெய்ரியை வைத்துக்கொள்கிறேன். ஸ்டட்கார்ட் ஊரைச் சுற்றி நெல்வயல்கள், தண்ணீர் கட்டிய ஓக் காடுகள், குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து இறங்கும் மல்லார்ட் வாத்துகள். 1936 முதல் உலக வாத்து ஊதல் போட்டி நடக்கிற ஊர் அது. விடுதியோடு சேர்ந்த வேட்டை என்றாலே பலரும் முதலில் விசாரிப்பது அந்தப் பக்கம்தான்.

முன்பணம் கட்டும் முன்

விடுதியின் படங்களில் எல்லோருக்கும் பறவை கிடைத்திருக்கும். அவற்றை விட்டுவிட்டு நேரடியாகத் தொலைபேசியில் கேளுங்கள். ஒரு பதுங்குகுழியில் எத்தனை பேர்? நாங்கள் மூன்று பேர் வந்தால் முன்பின் தெரியாதவர்களோடு சேர்த்து உட்கார வைப்பீர்களா? எத்தனை குழிகள் இருக்கின்றன, ஒன்றில் சுட்ட பிறகு எத்தனை நாள் ஓய்வு கொடுக்கிறீர்கள்? தினமும் ஒரே வயலில் சுட்டால் பறவை அந்தப் பக்கமே வராது. குழிக்கு ஓய்வு கொடுக்கிற விடுதிதான் தொழில் தெரிந்த விடுதி. கடும் குளிரில் வயல் உறைந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்பது அடுத்த கேள்வி. பனியை உடைத்துத் தண்ணீரைத் திறந்து வைக்க இயந்திரம் உண்டா, ஓடும் தண்ணீர் உள்ள காடு கைவசம் உண்டா, அல்லது "பார்த்துக்கலாம்" என்கிற பதில்தானா? மழை பொய்த்த வருடத்தில் காட்டுக்குள் தண்ணீரே இருக்காது, பம்ப் வைத்திருக்கிறவர் மட்டுமே தப்பிப்பார். வேட்டை ரத்தானால் பணம் திரும்புமா, அடுத்த வருடத்துக்கு மாற்றப்படுமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பறவையைச் சுத்தம் செய்யும் கட்டணம், தோட்டா அங்கே கிடைக்குமா, கைடுக்கும் சமையல்காரருக்கும் தனித்தனியாக எவ்வளவு டிப்ஸ் கொடுப்பது வழக்கம் என்பதையும் அதே அழைப்பில் கேட்டுவிடலாம். டிப்ஸ் பெரும்பாலும் ரொக்கமாகத்தான் எதிர்பார்ப்பார்கள். வயல் நடுவில் ஏடிஎம் கிடையாது.

இரண்டு கேள்விகளை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். ஒன்று, "எத்தனை கஜத்தில் சுடச் சொல்வீர்கள்?" காலும் கண்ணும் தெரிகிற தூரத்தில், டெகாய்களுக்கு மேலே இறங்கும்போது என்று சொல்கிறவரிடம் போகலாம். "50, 60 கஜத்திலும் விழும்" என்று பெருமை பேசுகிறவரிடம் போக வேண்டாம். மற்றது, வயலில் என்ன பயிர், அது எப்படிச் சாய்ந்தது? அறுவடை முடிந்த நெல்வயலில் சிந்திய மணி கிடப்பதில் குற்றமில்லை. நிற்கும் பயிருக்குள் அப்படியே தண்ணீர் கட்டுவதும் குற்றமில்லை. அறுக்காத பயிரை வாத்துக்காக வெட்டிச் சாய்த்தாலோ, தானியத்தைக் கொண்டுவந்து கொட்டினாலோ, அது இரை போட்ட நிலம். கொட்டியதைத் துப்புரவாக அள்ளிய பிறகும் 10 நாள் அங்கே சுடக் கூடாது. "கைடு கூட்டிக்கொண்டு போனார், எனக்குத் தெரியாது" என்பது தானாகவே காப்பாற்றிவிடாது. தெரிந்திருக்க வேண்டியது என்று நியாயமாகச் சொல்ல முடிந்தாலே அபராதம் சுட்டவர் தலையில்தான் விழும்.

காகிதங்கள்

விசாவில் இருக்கிறவர்கள் இந்தப் பத்தியை நிதானமாகப் படிக்க வேண்டும். எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற குடியேற்றம் சாராத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது. அதற்குள்ள விதிவிலக்குகளில் ஒன்று, அமெரிக்காவில் சட்டப்படி வழங்கப்பட்ட, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது. அதாவது உரிமம் என்பது வேட்டை நாளுக்கு மட்டுமான காகிதம் அல்ல. பயிற்சிக்காக, எறியப்படும் களிமண் தட்டுகளைச் சுட்டுப் பழகும் கிளே மைதானத்தில் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதற்கு முன்பே அது உங்கள் பையில் இருக்க வேண்டும். பயணத்துக்கு முந்தின வாரம் ஆன்லைனில் வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டு, அதற்கு முன்பே பயிற்சிக்குப் போவது குடியேற்ற வழக்கில் கொண்டுபோய் விடக்கூடிய தவறு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

உரிமம் வாங்கப் போனால் பல மாநிலங்களில் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் கேட்பார்கள். ஆர்கன்சாவில் 1969 முதல் பிறந்தவர்களுக்கு அது கட்டாயம். நீங்கள் வசிக்கும் மாநிலத்தில் வாங்கிய சான்றிதழே அங்கும் செல்லும். சில மாநிலங்களில் ஆன்லைன் பாடத்தோடு ஒரு நாள் நேர்முக வகுப்பும் உண்டு, அதில் இடம் கிடைக்க வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். ஆகவே கோடையிலேயே முடித்துவிடுங்கள். அதன்பின் வெளிமாநிலத்தாருக்கான உரிமம், மாநில நீர்ப்பறவை முத்திரை, எத்தனை பறவை சுட்டீர்கள் என்பதைக் கணக்கெடுக்க உதவும் எச்ஐபி பதிவு. கடைசியாகக் கூட்டரசின் டக் ஸ்டாம்ப்: 16 வயது முதல் அனைவருக்கும் கட்டாயம், விலை 25 டாலர், காகித ஸ்டாம்ப் என்றால் அதன் முகத்தின் மேல் மையால் கையெழுத்திட வேண்டும். கையெழுத்தில்லாத ஸ்டாம்ப் செல்லாது. 1934இல் தொடங்கிய இந்த ஸ்டாம்பின் வருமானத்தில் ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் சதுப்பு நிலங்களை வாங்கவும் காக்கவும் போகிறது. வேட்டைக்குப் போகாத பறவை ஆர்வலர்கள்கூட இதை வாங்குவதற்கு அதுதான் காரணம். இந்தப் பயணத்தில் கட்டும் பணத்தில் மனநிறைவோடு கட்ட வேண்டியது அந்த 25 டாலர்.

ரவையும் சோக்கும்

1991 முதல் அமெரிக்கா முழுவதும் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவை தடை. வாத்து சேற்றைக் கிளறித் தின்னும்போது ஈயத்தையும் விழுங்கி நஞ்சேறிச் சாவதுதான் காரணம். ஈயத் தோட்டா சட்டைப்பையில் இருந்தாலே குற்றம், சுட்டிருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. போன மாதம் கிளே பயிற்சிக்குப் போட்டுக்கொண்டு போன அதே ஜாக்கெட்டில் ஒரு தோட்டா மிச்சம் இருந்து மாட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. பைகளை எல்லாம் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள்.

எஃகின் எடை ஈயத்தில் ஏறக்குறைய 70 சதவீதம்தான். ஒரே அளவுள்ள குண்டு என்றால் எஃகு சீக்கிரம் வேகம் இழக்கும். இதை ஈடுகட்ட, ஈயத்தில் பழகிய எண்ணிலிருந்து இரண்டு எண் பெரிய ரவைக்குப் போவது வழக்கம். எண் குறையக் குறையக் குண்டு பெரிது, ஆகவே 4ஆம் எண் சுட்டவர் 2ஆம் எண்ணுக்குப் போவார். நெல்வயல் குழியிலிருந்து மல்லார்ட் என்றால் 12 கேஜ் (கேஜ் என்பது குழலின் விட்ட அளவு, எண் கூடினால் குழல் சிறியது), 3 அங்குலத் தோட்டா, 1¼ அவுன்ஸ், 2ஆம் எண் எஃகு என்பது கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். அவுன்ஸுக்கு 125 குண்டு வீதம், ஒரு தோட்டாவில் சுமார் 156 குண்டு. தண்ணீர் கட்டிய மரங்களுக்கு நடுவே தூரம் 15 முதல் 30 கஜம்தான் இருக்கும், அங்கே 3ஆம் எண்ணோ 4ஆம் எண்ணோ போதும். கூஸ் என்கிற பெரிய காட்டு வாத்து வந்தால், 2ஆம் எண்ணைவிடப் பெரிய பிபி ரவை. சோக் விஷயத்தில் ஈயக் கணக்கு உதவாது. எஃகு குண்டு நசுங்காமல் நேராகப் போவதால் ரவை விரியாமல் இறுக்கமாகச் செல்லும். நடுத்தர இறுக்கமுள்ள மாடிஃபைட் சோக், மிக இறுக்கமான ஃபுல் சோக் ஈயத்தில் செய்யும் வேலையை ஏறக்குறைய செய்துவிடும். வயலுக்கு மாடிஃபைட், மரங்களுக்கு அதைவிடத் தளர்ந்த இம்ப்ரூவ்டு சிலிண்டர். பெரிய எஃகு ரவையை ஃபுல் சோக் வழியாகச் சுட்டால் குழலின் வாய் வீங்கலாம். பழைய துப்பாக்கி என்றால் அது எஃகுக்கு ஏற்றதா என்று தயாரிப்பாளரிடம் கேட்காமல் ஒரு வெடிகூட வேண்டாம்.

இவையெல்லாம் பொதுவான பேச்சு. உங்கள் துப்பாக்கி உண்மையில் என்ன செய்கிறது என்பதைக் காகிதம்தான் சொல்லும். நான்கு அடிச் சதுரத்தில் தடித்த காகிதத்தைச் சட்டத்தில் மாட்டி, நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். 30 கஜத்தை டேப்பால் அளந்து நின்று, துப்பாக்கியைத் தாங்கியில் வைத்து, ஒரே ஒரு வெடி. காகிதத்தை மாற்றி மறுபடி சுடுங்கள். ஒவ்வொரு தோட்டா வகைக்கும் குறைந்தது மூன்று காகிதம், முடிந்தால் ஐந்து. பிறகு 40 கஜத்திலும் இதையே செய்யுங்கள். குண்டுகள் அடர்ந்து விழுந்த இடத்தை மையமாக வைத்து 30 அங்குல வட்டம் வரைந்து, உள்ளே விழுந்த ஓட்டைகளை எண்ணுங்கள். 156இல் 109 என்றால் 70 சதவீதம், மிக நல்ல விரிவு. எண்ணிக்கையை விட இரண்டு விஷயங்கள் முக்கியம். வட்டத்தின் மையம் உங்கள் புள்ளியிலிருந்து விலகியிருக்கிறதா? 30 கஜத்தில் அரை அடி இடப்பக்கம் போகிற துப்பாக்கிக்கு நூறு தோட்டாப் பயிற்சியும் உதவாது, பின்கட்டையைச் சரி செய்தாக வேண்டும். வட்டத்துக்குள் உள்ளங்கை அளவு வெற்றிடங்கள் இருக்கின்றனவா? மல்லார்டின் தலையும் கழுத்தும் நெஞ்சும் சேர்ந்தாலும் பெரிய இலக்கில்லை. அந்த வெற்றிடம் அதன் மேல் விழுந்தால் சிறகு நுனியிலும் வயிற்றிலும் ஓரிரு குண்டு பட்டுத் தப்பிப் போய்ச் சாகும். எந்தத் தூரத்தில் வெற்றிடங்கள் தோன்றுகின்றனவோ, அதற்கு ஐந்து கஜம் முன்னாலேயே உங்கள் எல்லைக்கோடு. பெரும்பாலோருக்கு அது 35 கஜத்தில் வந்து நிற்கும்.

அதே நாளில் துப்பாக்கியையும் சோதியுங்கள். அறையில் ஒன்று, மேகசினில் இரண்டு என்று மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறக் கூடாது, அதைத் தடுக்கும் அடைப்புக் கட்டை உள்ளே இருக்க வேண்டும். குழலைக் கழற்றிச் சுத்தம் செய்யும்போது அதை வெளியே எடுத்து மேசையில் வைத்துவிட்டு மறப்பவர்கள் நிறைய. வீட்டிலேயே, டம்மித் தோட்டாவை மேகசினில் தள்ளிப் பாருங்கள். மூன்றாவது உள்ளே போனால் அடைப்பு இல்லை. ஆட்டோ துப்பாக்கியில் கெட்டியான எண்ணெய் இருந்தால் உறைகுளிரில் பசைபோல் இறுகி போல்ட் முழுதாக மூடாது. பழைய எண்ணெயைக் கரைப்பானால் துடைத்தெடுத்து, குளிருக்கான மெல்லிய எண்ணெயை ஒரு சொட்டு மட்டும் தடவுங்கள். சோக் குழாய் இறுகியிருக்கிறதா என்று வேட்டை நாள் காலையிலும் கையால் திருகிப் பாருங்கள். நண்பர் 20 கேஜ் வைத்திருந்தால் இரண்டு தோட்டாவும் ஒரே பையில் சேரவே கூடாது. 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலுக்குள் வழுக்கிப் போய் நடுவில் சிக்கிக்கொள்ளும், பின்னால் 12 கேஜும் ஏறும். விசையை இழுத்தால் குழல் கைப்பக்கத்தில் வெடிக்கும். 20 கேஜ் தோட்டாக்களுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருப்பதே இதற்காகத்தான். அரையிருட்டில், கையுறை விரலுக்கு, நிறம் தெரியாது.

விமானத்தில் போகிறீர்கள் என்றால் துப்பாக்கி வெறுமையாக, பூட்டிய கெட்டிப் பெட்டியில், செக்-இன் கவுன்டரில் அறிவித்துப் போக வேண்டும். பூட்டின் சாவி உங்களிடம் மட்டும். தோட்டா அதன் அட்டைப்பெட்டியிலேயே இருக்கட்டும். பெரும்பாலான விமான நிறுவனங்கள் 11 பவுண்டுக்கு மேல் ஏற்றாது, அதாவது மூன்று நான்கு பெட்டியோடு முடிந்துவிடும். மீதியை விடுதியருகே வாங்கிக்கொள்ளலாம் என்றால், நீங்கள் காகிதத்தில் சுட்டுப் பார்த்த அதே வகை அங்கே இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். வேறு பிராண்டு என்றால் விரிவும் வேறு.

அந்த மூன்று நொடி

எல்லாத் தயாரிப்பும் வந்து முட்டுகிற இடம் ஒன்றுதான். பறவைகள் இரண்டு மூன்று வட்டம் போட்டு, காற்றுக்கு எதிராகத் திரும்பி, சிறகை வளைத்து, ஆரஞ்சுக் காலைத் தொங்கவிட்டு இறங்கும். இவ்வளவு நேரமும் நீங்கள் தலையைக் கவிழ்த்து, முகமூடியோடு, தொப்பி விளிம்புக்குக் கீழே கண்ணை மட்டும் உயர்த்தி உட்கார்ந்திருக்க வேண்டும். மேலே நிமிர்கிற ஒரு வெள்ளை முகம் போதும், மொத்தக் கூட்டமும் விலகிவிடும். கைடு குரல் கொடுப்பார். அந்தக் கணத்தில் எழுந்து, துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, சேஃப்டியைத் தள்ளி, ஒரு பறவையைத் தேர்ந்து, சுட்டு முடிக்க ஏறக்குறைய மூன்று நொடி. அதற்குள் பறவைகள் பயந்து நேர்மேலே எம்பத் தொடங்கியிருக்கும்.

இங்கேதான் கணக்கு மாறுகிறது. குறுக்கே பறக்கும் மல்லார்ட் மணிக்கு 50 மைல் வேகத்தில் போனால் நொடிக்கு 73 அடி. 1,500 அடி வேகத்தில் கிளம்பும் எஃகு ரவை 40 கஜத்தைக் கடக்க சுமார் 0.12 நொடி ஆகும். அதற்குள் பறவை எட்டு அடிக்கு மேல் நகர்ந்துவிடும். 20 கஜத்தில் அது நான்கு அடிக்கும் கீழ். குறுக்கே போகும் பறவைக்குப் பின்னால் சுட்டு வாலைப் பிடுங்குகிறவர்கள் இதை உணராதவர்கள். இறங்கி வரும் பறவையோ வேகம் குறைந்து கீழ்நோக்கிச் சரிகிறது; குழல் அதன் காலுக்குக் கீழே இருக்க வேண்டும், ஆனால் பலர் முதுகுக்கு மேலே சுடுவார்கள். குரலுக்குப் பிறகு எம்பும் பறவைக்கு அலகுக்கு மேலே. ஒரே பறவைக்கே ஒரு நொடி இடைவெளியில் கீழும் மேலும் மாறுகிற இந்தக் கணக்கை மூளை யோசித்துச் செய்யாது, பழகிய தோள்தான் செய்யும்.

பழக்கம் வீட்டிலிருந்தே தொடங்கலாம். துப்பாக்கி வெறுமையாக இருக்கிறதா என்று இரண்டுமுறை பார்த்துவிட்டு, வேட்டைக் கோட்டையும் கையுறையையும் மாட்டிக்கொண்டு, முக்காலியில் உட்காருங்கள். எழுந்து, சுவர் மூலையில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி, துப்பாக்கியைக் கன்னத்துக்குக் கொண்டுவந்து அப்புறம் தோளில் பதியுங்கள். தினமும் பத்து நிமிடம் போதும். கட்டை கோட்டின் அக்குளில் மாட்டுகிறது என்றால், மெல்லிய சட்டையில் பழகிய அளவு குளிர்காலத்துக்கு நீளம் என்று அர்த்தம். கட்டையின் பின்பக்க ரப்பரை மெல்லியதாக மாற்றலாம், அல்லது கோட்டை மாற்றலாம். கிளே மைதானத்தில் துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டே தட்டைக் கேட்காதீர்கள். இடுப்பருகே தாழ்த்திப் பிடித்தபடி கேளுங்கள். எதிரே வந்து இறங்கும் தட்டையும், சட்டென்று மேலெழும் தட்டையும் கேட்டுச் சுடுங்கள். எந்தக் கண் ஆளுகிறது என்பதும் அங்கேயே தெரியட்டும். வலத்தோளில் சுட்டு இடக்கண் ஆண்டால், இடப்பக்கக் கண்ணாடியில் சிறு டேப் ஒட்டினாலே தடுமாற்றம் பெருமளவு குறையும்.

தூரத்தை மதிப்பிடுவது இதற்கு நிகரான பயிற்சி. வாத்து பொம்மை ஒன்றை 20, 30, 35, 45 கஜத்தில் மாற்றி மாற்றி வைத்து, குழல் நுனிக்குப் பக்கத்தில் அது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். குழியில் உட்கார்ந்ததும் கைடிடம், "கடைசி டெகாய் எத்தனை கஜம்?" என்று கேளுங்கள். அதற்கு அப்பால் உள்ளது உங்களுக்கு இல்லை. தலையின் பச்சை நிறமும் கண்ணும் தனித்தனியாகத் தெரிந்தால் கிட்டே. வெறும் கருநிழல் என்றால் தூரம் அதிகம், அல்லது வெளிச்சம் போதாது. சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பே சுட அனுமதி உண்டுதான். ஆனால் அந்த முதல் இருபது நிமிடத்தில் ஆணா பெட்டையா, ஊசிவாலா தட்டைவாயனா என்று தெரியாமல் சுட்டு அளவு மீறினால், வெளிச்சம் இல்லை என்ற சாக்கு எடுபடாது.

கூட்டத்தைப் பார்த்துச் சுடாதீர்கள், ஒரு பறவையைப் பாருங்கள். அது விழும்போதும் கண்ணை எடுக்காதீர்கள். தலை தொங்கிக் கல்போல் விழுந்தால் முடிந்தது. தலை நிமிர்ந்து சிறகை விரித்துச் சரிந்தால் உயிரோடு இருக்கிறது, மிச்சமுள்ள தோட்டா அதற்கே. இரண்டாவது பறவைக்கு ஆசைப்பட்டு முதலாவதை விட்டுவிடுவதைப் போல மனம் கசக்கிற காட்சி வேட்டையில் வேறில்லை. உங்கள் பங்கு உங்கள் முன்னால் உள்ள துண்டு வானம் மட்டும். இடக்கோடியில் இருப்பவர் இடப்பக்கப் பறவையை எடுப்பார், நடுவில் இருப்பவர் நடுவை. குழல் பக்கத்து ஆளின் தலையைக் கடக்கவே கூடாது. தாழ்வாகப் போகும் பறவையை விட்டுவிடுங்கள், அங்கே நாய் இருக்கும். தண்ணீரில் நீந்தும் காயம்பட்ட வாத்தை கைடு சொன்ன பிறகே, நாய் நிற்கும் இடத்தைப் பார்த்த பிறகே, சுட வேண்டும். நாய்க்கு நீங்கள் கட்டளை கொடுக்க வேண்டாம், அது ஒருவர் குரலுக்குப் பழகியது. காதடைப்பான் கட்டாயம்: 140 டெசிபலுக்கு மேல் ஒரே வெடியே காதைக் கெடுக்கும், ஷாட்கன் 150ஐத் தாண்டும், குழிக்குள் உங்களோடு நாலைந்து பேர் சேர்ந்து சுடுவார்கள்.

தண்ணீரும் குளிரும்

நெஞ்சுவரை வரும், 'வேடர்' என்கிற நீர்புகாக் கால்சட்டைதான் உடைமைகளில் முதன்மை. பழையது என்றால் இரண்டு வாரம் முன்பே இருட்டறையில் உள்ளே டார்ச் விட்டுப் பாருங்கள், ஊசி ஓட்டையும் வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். ஒட்டும் பசை முழுதாக இறுக ஒரு நாள் ஆகும், முந்தின இரவு ஒட்டினால் பயனில்லை. இடுப்பில் பெல்ட் இறுக்கிக் கட்டுங்கள். வழுக்கி விழுந்தால் உள்ளே தண்ணீர் பாய்வதைப் பெருமளவு தடுப்பது அதுதான். தண்ணீர் கட்டிய காட்டில் ஆழம் முழங்காலளவுதான் என்றாலும் அடிமரமும் வேரும் மாடு மிதித்த குழிபோல் பள்ளமும் கண்ணுக்குத் தெரியாது, காலைத் தேய்த்தபடி நடக்க வேண்டும். பூட்ஸ் ஓர் அளவு பெரிது. இரண்டு சாக்ஸ் போட்டு இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சீக்கிரம் விறைக்கும். ஒரே ஒரு தடித்த கம்பளி சாக்ஸே மேலானது. பருத்தி எதுவும் உடம்பில் படக் கூடாது, வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடக்கும். வயலுக்கு நடக்கும்போது கோட்டைத் தோளில் தொங்கவிட்டு, குழியில் உட்கார்ந்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.

விடுதியில் எழுப்புவது நாலு மணிக்கு இருக்கும். ராத்திரி மதுவைத் தள்ளி வையுங்கள், தூக்கக் கலக்கத்தோடு குழிக்குள் யாரும் உங்களை விரும்ப மாட்டார்கள். துப்பாக்கி உறைக்குள், வெறுமையாக, அவர்கள் காட்டும் இடத்தில் மட்டும். சேற்று வேடரை முன்னறையிலேயே கழற்றி, தலைகீழாக மாட்டி உலர்த்துங்கள். இடக்கையாளரா, முழங்கால் வலி உண்டா, சர்க்கரைக்கு மருந்து எடுக்கிறீர்களா என்பதை இரவுச் சாப்பாட்டின்போதே கைடிடம் சொல்லிவிடுங்கள். யாரை எங்கே உட்கார வைப்பது, எவ்வளவு தூரம் நடத்துவது என்று அவர் அப்போதே தீர்மானிப்பார்.

சுட்ட பிறகு

அளவு ஒவ்வொருவருக்கும் தனி. ஆர்கன்சா இருக்கிற, பறவைகள் வலசை போகும் மிசிசிப்பி வழித்தடத்தில் நாளொன்றுக்கு 6 வாத்து. அதில் மல்லார்ட் 4, அந்த நாலில் பெட்டை 2க்கு மேல் கூடாது. மற்ற இனங்களுக்கான உள் அளவுகள் வருடாவருடம் மாறும், அந்த ஆண்டின் கையேட்டைப் படித்தே ஆக வேண்டும். "மொத்தம் ஆறு பேர், 36 பறவை" என்று கூட்டுக் கணக்கு போடுவதும், உங்கள் அளவு நிரம்பிய பிறகு நண்பருக்காகச் சுடுவதும் குற்றம். எல்லாவற்றையும் ஒரே வாரில் கோத்துப் படம் எடுப்பார்கள். எது யாருடையது என்று காட்ட முடியாதபோது வனக்காவலர் முன் சிக்கல் உங்களுக்குத்தான். உங்கள் பறவைக்குத் தனி வார் வைத்துக்கொள்ளுங்கள். சுத்தம் செய்யவோ பாதுகாக்கவோ வேறொருவரிடம் ஒப்படைத்தால், பெயர் முகவரி, இனம், எண்ணிக்கை, சுட்ட தேதி எழுதிக் கையெழுத்திட்ட சீட்டு கூடவே இருக்க வேண்டும். காலில் உலோக வளையம் இருந்தால் அதன் எண்ணைக் கூட்டரசின் வளையப் பதிவுத் தளத்தில் பதியுங்கள். அந்தப் பறவைக்கு எங்கே, எப்போது வளையம் போட்டார்கள் என்ற விவரம் திரும்பி வரும்.

பறவைக் காய்ச்சல் பரவியிருக்கும் காலம் என்பதால் சுத்தம் செய்யும்போது ரப்பர் கையுறை போடுங்கள், அந்த நேரத்தில் முகத்தைத் தொடாதீர்கள். சமைக்கும்போது உள்சூடு 165 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 74 டிகிரி செல்சியஸ், எட்ட வேண்டும். வீடு வந்து சேரும்வரை ஒவ்வொரு பறவையிலும் இறகோடு கூடிய ஒரு சிறகோ தலையோ ஒட்டியிருக்க வேண்டும் என்பது கூட்டரசு விதி. நெஞ்சுக்கறியை மட்டும் அரிந்து பையில் போட்டுத் தரச் சொன்னால், வழியில் எந்த இனம் என்று நிரூபிக்க வழியில்லாமல் போய்விடும். சுத்தம் செய்கிறவரிடம், "ஒரு சிறகை விட்டுவிடுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லி, ஒவ்வொன்றையும் தனிப்பையில் போட்டு உறைய வைத்து, பெட்டியில் அடுக்கும் முன் சீட்டோடு எண்ணிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.